பிரிட்ஜ் பிக்கப் காதைக் குத்துகிறதா?

அடுத்த கேள்வி, ஒரு வாசகருடையது. ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) மாதிரி எலெக்ட்ரிக் கிட்டார், ஸ்ட்ரிங் அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப் மூன்றுமே சிங்கிள் காயில், அதாவது ஒரே கம்பிச் சுருள் உள்ளவை. கழுத்துப் பக்கத்து நெக் பிக்கப் நன்றாக இருக்கிறதாம், சுவிட்ச்சை பிரிட்ஜ் (உடம்பில் ஸ்ட்ரிங் முடிகிற இடம்) பக்கம் தள்ளினால் மட்டும் சத்தம் ஒல்லியாகி, காதில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறதாம். அங்கே ஹம்பக்கர், அதாவது இரண்டு காயில் சேர்ந்த பிக்கப் போட நினைக்கிறார். 8 கிலோ ஓம் போடலாமா, 16 போடலாமா, 16 என்றால் இரண்டு மடங்கு சத்தம் வருமா என்று கேட்டிருக்கிறார்.

வராது. அந்த ஓம் கணக்கு சத்தத்தின் அளவே இல்லை, காயிலில் சுற்றிய கம்பியின் மின்தடை, அவ்வளவுதான். கம்பி மெலிந்தாலே அது ஏறிவிடும் (கேஜ் எண் கூடினால் கம்பி மெலிசு): 42 கேஜ் கம்பியை எத்தனை சுற்று சுற்றினோமோ அதே அளவு 44 கேஜில் சுற்றினால் ஓம் எகிறும், சத்தம் கிட்டத்தட்ட அதேதான். காந்தத்தையும் பார்க்க வேண்டும். டங்கன் ஜேபி என்ற ஹம்பக்கர் 16 கிலோ ஓம், அல்நிக்கோ 5 (ஒரு உலோகக் கலவை) காந்தம். டிமார்ஸியோ சூப்பர் டிஸ்டார்ஷன் என்ற இன்னொரு ஹம்பக்கர் 14-ஐக்கூடத் தொடாது, ஆனால் செராமிக் காந்தம். ஆம்பில் (ஆம்ப்ளிஃபையரில்) செருகி அடித்துப் பாருங்கள், அது ஒன்றும் இளைத்ததில்லை.

சரி, வாங்குவதற்கு முன்னால் ஒரு காரியம். பிரிட்ஜ் பக்கத்தில் ஸ்ட்ரிங் அசைவது குறைவு, அடி சத்தம் குறைந்து மேல் சத்தம் தூக்கலாகத் தெரியும், அது இயற்கை. ஆனால் பழைய ஸ்ட்ராட் வயரிங்கில் பிரிட்ஜ் பிக்கப்புக்கு மேல் சத்தத்தைக் குறைக்கிற டோன் கன்ட்ரோலே கிடையாது! சுவிட்ச்சை பிரிட்ஜில் வைத்து இரண்டு டோன் நாபையும் பூஜ்யத்துக்குத் திருகிப் பாருங்கள். சத்தம் மாறவே இல்லையென்றால் உங்களுடையதும் அப்படித்தான். சுவிட்ச்சில் ஒரு சின்னத் துண்டு வயர் சாலிடர் செய்தால் நடு பிக்கப்பின் டோன் நாப் பிரிட்ஜுக்கும் வேலை செய்யும், அதை 7-இல் வைத்தாலே பாதிப் பேருக்குப் பிரச்சினை முடிந்துவிடும். அப்படியே, கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு பிக்கப்புக்கும் ஸ்ட்ரிங்குக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 2 மில்லிமீட்டரில் ஆரம்பித்து, மெல்லிய ஸ்ட்ரிங் பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள்.

இதெல்லாம் செய்தும் பிடிக்கவில்லையா, அப்புறம் ஹம்பக்கர். நானே ஒருமுறை ஆசைப்பட்டு சூடான, அதாவது அவுட்புட் அதிகமான ஒன்றை மாட்டினேன். பிரிட்ஜில் இடி, நெக்குக்கு மாறினால் யாரோ ஆம்பைக் குறைத்த மாதிரி. ஒவ்வொரு பாட்டிலும் வால்யூம் நாபோடு மல்லுக்கட்டியே பொழுது போனது. உங்களுக்குத்தான் நெக் பிக்கப் பிடித்திருக்கிறதே, அதை அமுக்காத 8 கிலோ ஓம் அளவிலான அல்நிக்கோ ஹம்பக்கரைப் பாருங்கள், சிக்னலைப் பெருக்குகிற கெயினை ஆம்பில் ஏற்றிக்கொள்ளலாம். முழுக்க மெட்டல்தான் வாசிப்பேன், மற்ற இரண்டையும் தொடுவதே இல்லை என்றால் சூடானதையே போடுங்கள், நான் தடுக்கவில்லை. ஸ்ட்ராட்டில் நாபுக்கு அடியில் இருக்கிற 250 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரை மாற்ற வேண்டாம், அது மேல் சத்தத்தைக் கொஞ்சம் அடக்கும், உங்களுக்கு வேண்டியதும் அதுதானே.

பிக்கப்புகள் பொருத்தியிருக்கிற பிளாஸ்டிக் தகட்டை, அதாவது பிக்கார்டைக் கழற்றி உள்ளே பாருங்கள். மரத்தில் ஹம்பக்கருக்குக் குழி இல்லையென்றால் ஹாட் ரெயில்ஸ் மாதிரி சிங்கிள் காயில் அளவு ஹம்பக்கர் இருக்கிறது, எதையும் வெட்ட வேண்டாம். எது வாங்கினாலும் நான்கு வயர் உள்ளதாக வாங்குங்கள். நடு பிக்கப்போடு சேர்த்து வாசிக்கும்போது சத்தம் மூக்கடைத்த மாதிரி வந்தால், ஃபேஸ் தலைகீழாக இருக்கிறது, அதாவது இரண்டு பிக்கப்பின் சிக்னலும் எதிரெதிராக ஓடி ஒன்றையொன்று குறைக்கின்றன என்று அர்த்தம். ஹம்பக்கரின் ஹாட் வயரையும் (சிக்னல் போகிற வயர்) கிரவுண்டுக்குப் போகிற வயரையும் இடம் மாற்றிச் சாலிடர் செய்தால் சரியாகிவிடும். உறையில்லாத வெறும் வயரை மட்டும் தொடாதீர்கள், அது எப்போதும் கிரவுண்டில்தான் இருக்க வேண்டும்.