தாளத்துக்கு எதிராக ஒரு சட்டம்

நண்பர்களே, வணக்கம்.

1994 நவம்பர் 3ஆம் தேதி பிரிட்டனில் ஒரு சட்டத்துக்கு அரச ஒப்புதல் கிடைத்தது. குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டம் என்று அதற்குப் பெயர். திறந்த வெளியில் 100 பேரோ அதற்கு மேலோ கூடி, இரவில் ஒலிபெருக்கி வைத்து, அக்கம்பக்கத்தாருக்குக் கடுமையான தொந்தரவு கொடுக்கும் அளவுக்கு இசை போட்டால் போலீஸ் கலைக்கலாம் என்றது அதன் 63ஆவது பிரிவு. இதுவரை சரி. அப்புறம் அதே பிரிவு இசையையும் விளக்கத் தொடங்குகிறது. அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வரும் தாள அடிகளை முழுமையாகவோ பெரும்பாலுமோ கொண்ட ஒலிகளும் இசையில் அடங்கும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரு நாடாளுமன்றம் உட்கார்ந்து, டெக்னோ என்ற மின்னணு நடன இசையின் தாளக்கட்டை வர்ணித்துச் சட்டப் புத்தகத்தில் ஏற்றியிருக்கிறது.

இந்த நிலை எப்படி வந்தது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன். சத்தம்தான் காரணம் என்று சொல்வார்கள். டிக்கெட் இல்லாமல், உரிமம் இல்லாமல், முதலாளி இல்லாமல் ஆயிரக்கணக்கானவர்கள் ஓரிடத்தில் கூடிவிட முடிந்தது. அதுதான் அரசை உறுத்தியது என்பது என் கருத்து.

முதலில் அந்தக் கூட்டங்களில் டிஜே, அதாவது இசைத்தட்டுகளை ஓட்டுபவர், என்ன செய்தார் என்று பார்ப்போம். இசைத்தட்டைச் சுழற்றும் இரண்டு டர்ன்டேபிள், நடுவே அவற்றின் ஒலியைக் கலக்கும் ஒரு மிக்ஸர். பெரும்பாலும் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 வகை டர்ன்டேபிள். அதில் இசைத்தட்டின் வேகத்தை 8 சதவீதம் வரை கூட்டலாம், குறைக்கலாம். ஒரு தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த தட்டை ஹெட்ஃபோனில் கேட்டு, இரண்டின் அடியும் ஒன்றாக விழும்படி வேகத்தைச் சரிசெய்து, கேட்பவருக்குத் தெரியாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்த வேண்டும். நிமிடத்துக்கு 130, 140, சில சமயம் அதற்கும் மேலான அடிகள். இதை மணிக்கணக்கில், விடியும்வரை செய்ய வேண்டும். இவ்வளவும் செய்பவருக்கு மேடை கிடையாது, சம்பளம் கிடையாது. லாரிக்குள்ளோ ஸ்பீக்கர் அடுக்குக்குப் பின்னாலோ நின்று வாசிப்பார். ஆடுபவர்கள் அவரைப் பார்த்து ஆடுவதில்லை, ஸ்பீக்கரைப் பார்த்து ஆடுகிறார்கள். இன்றைய பெரிய விழாக்களில் டிஜேயின் முகத்தை ராட்சதத் திரையில் காட்டுகிறார்களே, அதற்கு நேர் எதிரான உலகம் இது.

இந்த அடக்கத்துக்கு ஒரு பரம்பரை உண்டு. டெக்னோ பிறந்தது டெட்ராய்ட்டில், ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் போன்ற கறுப்பின இளைஞர்களின் கையில். அதே ஊரில் மைக் பேங்க்ஸும் ஜெஃப் மில்ஸும் தொடங்கிய ‘அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்’ குழு, இசையைக் கேளுங்கள், எங்கள் முகம் எதற்கு என்று முகத்தை மூடிக்கொண்டே வந்தது. லாரியில் ஸ்பீக்கர் ஏற்றித் தெருவையே ஆடுகளமாக்கும் வழக்கம் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1950களில் வளர்ந்தது; புலம்பெயர்ந்த கரீபிய மக்கள் அதை லண்டனுக்குக் கொண்டுவந்தார்கள். இங்கிலாந்து வயல்வெளியில் நடந்த ஒவ்வொரு இரவும் இந்த இரண்டு கறுப்பினப் பாரம்பரியங்களுக்கும் கடன்பட்டது. இதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது நியாயமல்ல.

மூன்றாவதாக ஒரு ஓடை வந்து கலந்தது. பழைய பேருந்துகளையும் லாரிகளையும் வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்த நாடோடிகள் 1974 முதல் 1984 வரை இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சில் இலவச விழா நடத்தினார்கள். 1985 ஜூன் 1 அன்று அங்கே போய்க்கொண்டிருந்த அவர்களுடைய வண்டிகளைப் போலீஸ் வழிமறித்து, கண்ணாடிகளை உடைத்து, 500 பேருக்கு மேல் கைது செய்தது. விழா அதோடு நின்றது. நாடோடி வாழ்க்கை நிற்கவில்லை. லண்டனின் ‘ஸ்பைரல் ட்ரைப்’, நாட்டிங்காமின் ‘டி.ஐ.ஒய்’ போன்ற குழுக்கள் சவுண்ட் சிஸ்டத்தோடு அவர்களிடம் போய்ச் சேர்ந்தன. நாடோடிகளுக்கு நிலம் தெரியும், ஜெனரேட்டர் தெரியும், மழையில் வாழத் தெரியும். நகரத்துப் பிள்ளைகளிடம் இசை இருந்தது. இடம் எது என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. ஒரு தொலைபேசி எண் மட்டும் கைமாறும். அன்றிரவு அதில் அழைத்தால் பதிவுசெய்த குரல் வழி சொல்லும்.

அப்படித்தான் 1992 மே மாதம் 22ஆம் தேதி, ஒரு நீண்ட வார விடுமுறையின் வெள்ளிக்கிழமை, காஸில்மோர்ட்டன் வந்தது. மால்வெர்ன் மலையடிவாரத்தில், நம்மூர் மேய்க்கால் புறம்போக்கு மாதிரி ஊரார் ஆடுமாடு மேய்க்கும் வெட்டவெளி அது. உண்மையில் அங்கே கூடவேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. ஏவன் பகுதியில் வழக்கமாக நடக்கும் விழாவுக்குப் போன வண்டிகளை அங்குள்ள போலீஸ் உள்ளே விடாமல் விரட்டியது. வண்டிகள் எல்லை தாண்டி இந்தப் புல்வெளியில் வந்து நின்றன. ஸ்பைரல் ட்ரைப், டி.ஐ.ஒய், பெட்லம், சர்க்கஸ் வார்ப் என்று குழுக்கள் ஸ்பீக்கர்களை இறக்கின. மாலைச் செய்தியில் தொலைக்காட்சி அதைக் காட்டியதும், அதையே அழைப்பாக எடுத்துக்கொண்டு நாட்டின் பல மூலைகளிலிருந்தும் கிளம்பி வந்தார்கள். 20,000 பேர் என்கிறவர்களும் உண்டு, 40,000 பேர் என்கிறவர்களும் உண்டு. ஏறக்குறைய ஒரு வாரம் இசை ஓயவில்லை.

அந்த ஊர்க்காரர்களின் பக்கத்தையும் நான் மதிக்கிறேன். இரவும் பகலும் தூக்கமில்லை. ஆடுகளைப் பற்றிக் கவலை. வீட்டு வாசலில் முன்பின் தெரியாதவர்கள், கழிவு, போதைப்பொருள். அவர்களுடைய கோபம் பொய்யல்ல. ஒரு வாரத்துக்குத் தங்கள் நிலத்தில் தங்களுக்கே சொல் இல்லாமல் போனது என்பது பெரிய வருத்தம்தான். இந்த இசையை நேசிப்பவர்கள் இதை மழுப்பக் கூடாது. ஆனால் அந்த வருத்தத்துக்கு மருந்து இடம் ஒதுக்குவதா, இசையை வரையறுத்துத் தடுப்பதா? அரசு இரண்டாவதை எடுத்துக்கொண்டது.

கூட்டம் கலைந்தபோது ஸ்பைரல் ட்ரைப்பைச் சேர்ந்த 13 பேரைக் கைது செய்தார்கள். வண்டிகளையும் கருவிகளையும் பறிமுதல் செய்தார்கள். பொதுமக்களுக்குத் தொல்லை தரச் சதி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வழக்கு 1994இல் சுமார் 10 வாரம் நடந்தது. 40 லட்சம் பவுண்டு செலவானதாகச் சொல்கிறார்கள். கடைசியில் அத்தனை பேரும் விடுதலை. சதி செய்தவர் யார்? ஓரிடத்தில் வண்டியை நிறுத்தவிடாமல் விரட்டியது போலீஸ், கூட்டத்தைக் கூட்டியது செய்தி. அதே ஆண்டின் முடிவில்தான் நான் முதலில் சொன்ன சட்டம் வந்தது. இருக்கிற சட்டத்தில் குற்றம் நிற்காதபோது புதிதாக ஒரு குற்றத்தை எழுதிக்கொண்டார்கள். ஸ்பீக்கரைப் பறிமுதல் செய்யவும் நீதிமன்றம் அதைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்ளவும் அதிலேயே வழி இருக்கிறது. 2003இல் இன்னொரு சட்டத்தால் 100 பேர் என்பதை 20 பேர் ஆக்கினார்கள்.

1994இல் ஒரு ஆங்கில இரட்டையர் குழு, தாளத்தின் எந்த இரண்டு சுற்றும் ஒன்றாக இல்லாதபடி ஒரு பாட்டு செய்து வெளியிட்டது. சட்டத்தின் விளக்கத்துக்குள் அடங்காத ஒரு நடனப் பாட்டு. இசையாலேயே வாதாடிய அந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்தது.

ஸ்பைரல் ட்ரைப் அதற்குள் கடல் தாண்டிவிட்டது. 1993 கோடையில் பிரான்சின் போவே அருகே முதல் டெக்னிவல், அதாவது இலவச டெக்னோ திருவிழா, நடந்தது. அந்தக் குழுவின் 69டிபி, கிரிஸ்டல் டிஸ்டார்ஷன், இக்ஸிண்டாமிக்ஸ் போன்றோரின் இசை ஐரோப்பா முழுக்கப் பரவியது. முதல் இருவரும் தட்டு ஓட்டுவதோடு நிற்காமல் தாளம் போடும் டிரம் மெஷினும், ஒலித்துண்டுகளைப் பதிந்து திரும்ப ஒலிக்கும் சாம்ப்ளரும் வைத்து அங்கேயே, அந்த நேரத்திலேயே இசை செய்தார்கள். பிறகு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொன்னது. கூட்டம் நடத்துபவர்கள் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று பிரான்ஸ் முதலில் சட்டம் போட்டது. 2003இல் சார்க்கோசி உள்துறை அமைச்சராக இருந்தபோது மாரிஞியில் ஒரு காலி விமானத் தளத்தை அரசே கொடுத்தது. செக் நாட்டில் 2005இல் செக்டெக் கூட்டத்தின் மீது கண்ணீர்ப்புகை வீசினார்கள். பிராகில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். இத்தாலியில் 2022 அக்டோபர் இறுதியில் மோடெனாவின் கைவிடப்பட்ட ஒரு கிடங்கில் கூடியவர்கள் பேச்சுவார்த்தைக்குப் பின் அமைதியாகக் கலைந்தார்கள். இருந்தும் புதிய அரசு எடுத்த முதல் முடிவுகளில் ஒன்று, இத்தகைய கூட்டம் நடத்துபவர்களுக்கு 3 முதல் 6 ஆண்டு சிறை என்ற ஆணை.

மாரிஞியில் ஆயிரக்கணக்கானவர்கள் வந்து, ஆடி, திரும்பிப் போனார்கள். ஒரு காலி விமானத் தளமும் தண்ணீரும் முதலுதவியும் கொடுத்தால் போதும் என்பது அப்போதே தெரிந்துபோன விஷயம். அப்படியிருக்க, ஒரு கூட்டம் நடத்துபவருக்கு 6 ஆண்டுச் சிறை எதற்கு என்பதை எந்த அரசும் இதுவரை எனக்குப் புரியும்படி விளக்கவில்லை. உங்களில் யாருக்காவது அதற்கு நியாயம் தெரிந்தால், இதோ மைக் இருக்கிறது, வந்து சொல்லுங்கள்.