எதனோடும் சேராத வாயு

நேயர்களுக்கு வணக்கம்.

1930-இல் தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்க வேதியியலாளர், விஞ்ஞானிகள் கூடிய அரங்கில் ஒரு வித்தை காட்டினார். புது வாயு ஒன்றை நெஞ்சு நிறைய இழுத்து, எரிகிற மெழுகுவத்தி மேல் ஊதினார். சுடர் அணைந்தது, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. விஷமில்லை, தீப்பற்றாது என்று நிரூபித்தாயிற்று. அதற்கு முன் குளிர்பெட்டிகளில் ஓடியவை அம்மோனியாவும் சல்பர் டை ஆக்சைடும். கசிந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே குளோரோஃபுளோரோகார்பன் என்ற இந்த வாயுக்களுக்குக் கிடைத்த வரவேற்பில் வியப்பில்லை. குளிர்பெட்டி, ஏசி, அப்புறம் ஸ்பிரே டப்பா, நுரைப் பஞ்சு என்று எங்கும் புகுந்தன.

வில்லங்கம் அந்த நல்ல குணத்திலேயே இருந்தது. எதனோடும் சேராத வாயு மழையில் கரையாது, கீழ்க்காற்றில் சிதையவும் சிதையாது. சில வகைகள் 100 ஆண்டுகள்கூடத் தாக்குப்பிடிக்கும். மெல்ல மெல்ல, சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுத்து நம்மைக் காக்கும் ஓசோன் அடுக்குக்கு ஏறியதும் கடும் புற ஊதாக் கதிர் அதை உடைக்கிறது. குளோரின் அணு வெளியேறுகிறது. அது ஓசோனிடமிருந்து ஓர் ஆக்சிஜன் அணுவைப் பறிக்கும். பறித்ததை வேறொரு ஆக்சிஜன் அணுவிடம் தள்ளிவிட்டு அடுத்த ஓசோனிடம் போகும். அது மட்டும் தீர்வதே இல்லை. ஒரே அணு ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளை அழித்துவிடும். நம் தலைக்கு மேலுள்ள ஓசோன் அத்தனையையும் தரைமட்ட அழுத்தத்தில் பரப்பினாலோ, 3 மில்லிமீட்டர் கனம்தான் தேறும்.

வேதியியலாளர்கள் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974-லேயே இதை எழுதிவிட்டார்கள். வெறும் ஊகம் என்று தொழில்துறை தட்டிக்கழித்தது. 1985-இல் அண்டார்டிகாவிலிருந்து வந்தது பதில்: அங்கே ஒவ்வொரு வசந்தத்திலும் ஓசோன் சரிந்துகொண்டிருந்தது. மைனஸ் 78 டிகிரிக்கும் கீழே உருவாகும் மேகத்துகள்கள் மீது குளோரின் விழித்துக்கொள்கிறது. வெயில் பட்டதும் வேலையைத் தொடங்கிவிடுகிறது. இந்தக் காரணம் முழுதாக உறுதியாவதற்குள்ளேயே, 1987 செப்டம்பரில், இந்த வாயுக்களைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் நாடுகள் கனடாவின் மான்ட்ரியலில் கையெழுத்திட்டன. என்னைக் கேட்டால், அந்த ஒப்பந்தத்தில் பெரிய விஷயமே அந்த அவசரம்தான்.

சரி, தீர்ந்ததா என்றால், இல்லை. 2010-க்குள் உலகமே உற்பத்தியை நிறுத்தியிருக்க வேண்டிய, இந்தக் குளோரோஃபுளோரோகார்பன்களில் ஒன்றான சி.எஃப்.சி.-11, 2012-க்குப் பிறகு மீண்டும் காற்றில் கூடுதலாகக் கலந்தது 2018-இல் அம்பலமானது. கிழக்குச் சீனாவை அளவீடுகள் சுட்டிக்காட்டின. விஷயம் வெளியே வந்தபின் அளவு குறைந்தது. பழைய சுவர்களின் காப்பு நுரையில் இன்னும் அந்த வாயு அடைபட்டுக் கிடக்கிறது. இடிக்கும்போது வெளியே வரும். இரசாயன உரமிட்ட வயல்களிலிருந்து எழும் நைட்ரஸ் ஆக்சைடும் ஓசோனை அரிக்கிறது. அதை மான்ட்ரியல் ஒப்பந்தம் இதுவரை தொடவில்லை.