பினாங்கு வெயிலில் புளிக்கும் ரொட்டி மாவு

நேயர்களுக்கு வணக்கம். கடையில் ஈஸ்ட் வாங்காமல், மாவும் தண்ணீரும் தாமாகவே புளித்துப் பொங்குவதை நம்பிச் செய்யும் சவர்டோ ரொட்டியைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். இட்லி மாவு பொங்கும் பக்குவத்தை வாசனையிலேயே அறிந்துகொள்ளும் நமக்கு, இது அந்நியமான கலை அன்று.

பாலுக்கு உறைமோர் போல இந்த ரொட்டிக்கு ஸ்டார்ட்டர் வேண்டும். 50 கிராம் ஆட்டா மாவையும் 50 கிராம் தண்ணீரையும் ஒரு கண்ணாடிப் போத்தலில் கலந்து, இறுக மூடாமல் வைத்து, நாள்தோறும் பெரும்பகுதியை எடுத்துவிட்டுப் புது மாவும் தண்ணீரும் சேர்த்து வர வேண்டும்.

இரண்டாம் நாளே மாவு நுரைத்து ஏறும். அது பெரும்பாலும் ஈஸ்டின் வேலை அன்று. இட்லி மாவைப் பொங்கவைக்கும் லியூகோநாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்களின் வேலை. புளிப்பு ஏற ஏற அவை அடங்கிவிடும். அமிலத்தைத் தாங்கும் ஈஸ்டும், புளிப்பைத் தரும் லாக்டிக் பாக்டீரியாக்களும் பெருகும்வரை, சில நாள் போத்தலில் எந்த அசைவும் தெரியாது. அந்த அமைதியைக் கண்டு, மாவு கெட்டுவிட்டதென்று என் முதல் போத்தலை நான் கொட்டிவிட்டேன். தயவுசெய்து நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்; இன்னும் ஒரு வாரம் பொறுத்திருங்கள்.

நம் ஊர் வெயிலைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். மேல்நாட்டுச் செய்முறைகள் பெரும்பாலும் 24 பாகை செல்சியசை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஜார்ஜ் டவுனில் பிற்பகல் சமையலறையோ 31 பாகையைத் தாண்டிவிடுகிறது. அந்தச் சூட்டில் ஈஸ்டைவிட லாக்டிக் பாக்டீரியாக்கள் முந்திக்கொள்வதால் புளிப்பு மிகுந்து, மாவின் பசைத்தன்மை தளர்ந்து, ரொட்டி எழும்பாமல் பரந்துவிடும். ஆகவே 10 கிராம் ஸ்டார்ட்டருக்கு 50 கிராம் மாவு, 50 கிராம் குளிர்ந்த தண்ணீர் என்று தீனியைக் கூட்டுங்கள். அடிக்கடி சுடாதவர்கள் குளிர்பெட்டியில் வைத்து வாரம் ஒருமுறை தீனி கொடுத்தால் போதும்.

ரொட்டிக்கு 500 கிராம் பிரெட் மாவு, 340 கிராம் தண்ணீர், 100 கிராம் பொங்கிய ஸ்டார்ட்டர், 10 கிராம் உப்பு. இவற்றைப் பிசைந்து வைத்தபின், கடிகாரத்தை நம்பாமல் மாவைப் பாருங்கள்: ஒன்றரை மடங்காக உயர்ந்ததும் உருட்டி, இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வைத்து, காலையில் மூடியுள்ள கனத்த இரும்புச் சட்டியில் 230 பாகையில் சுடுங்கள். நன்றாக ஆறிய பிறகே அறுக்க வேண்டும். சூட்டோடு அறுத்தால் உள்ளே பிசுபிசுக்கும்.

ஸ்டார்ட்டர் பக்குவமடைந்த பின் எடுத்துவிடும் மாவை வீச வேண்டாம். அதில் சிறிது உப்பும் நறுக்கிய வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்துத் தோசைக்கல்லில் ஊற்றினால், அருமையான கோதுமைத் தோசை கிடைக்கும். நன்றி, வணக்கம்.