எம்ஜிபி காரில் பொருந்தாத பெட்ரோல் பம்ப்: கண்டுபிடித்து மாற்றும் முறை

[இருண்ட திரை. சாவி திருகும் ஒலி. "டிக்-டிக்-டிக்" என்று வேகமாகத் தொடங்கி, மெதுவாகி, நிற்கிறது.]

இப்போது நீங்கள் கேட்டது நல்ல நிலையில் உள்ள ஒரு பழைய எம்ஜிபி. இன்ஜின் இன்னும் ஓடவில்லை, சாவியை ஒரு படிதான் திருப்பியிருக்கிறோம். அடுத்து இதைக் கேளுங்கள்.

[மீண்டும் சாவி. "ஙொய்ய்ய்" என்ற ஒலி. நிற்கவே இல்லை.]

இதுதான் இன்றைக்குக் கழற்றப்போகும் பம்ப்.

[1970 எம்ஜிபி ரோட்ஸ்டர், மேற்கூரை மடக்கிய நிலையில். கேமரா மெதுவாகச் சுற்றி வருகிறது.]

இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான கார் இது. 1798 சிசி இன்ஜின், அதில் பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் இரண்டு கார்புரேட்டர்கள், எஸ்யு நிறுவனத்தின் எச்எஸ்4 வகை. வண்டி கைக்கு வந்தபோது ஹைவேயில் அருமையாக ஓடியது. சிக்னலில் நின்றால் மட்டும் பெட்ரோல் வாடை, கறுப்புப் புகை, ஓவர்ஃப்ளோ குழாயில் சொட்டுச் சொட்டாகக் கசிவு. பழைய உரிமையாளர் கார்புரேட்டரை இரண்டு முறை பிரித்துப் பார்த்தாராம். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

[வண்டிக்கு அடியில், பின்சக்கரத்துக்கு முன்னால். நீள உருளை வடிவப் பம்ப் தெரிகிறது.]

எஸ்யு பம்ப் இருக்க வேண்டிய இடத்தில், கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலை அழுத்தத்தோடு பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் காரின் பம்ப். அந்த வகை பம்ப் 3 பார் அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டது. அழுத்தத்தின் இன்னொரு அலகான பிஎஸ்ஐ கணக்கில் சுமார் 43. எஸ்யு கார்புரேட்டருக்குத் தேவை 3 பிஎஸ்ஐக்கும் சற்றுக் குறைவு. யாரோ இதைச் சமாளிக்க இன்ஜின் பக்கம் அழுத்தத்தைக் குறைக்கும் ஒரு சின்ன ரெகுலேட்டர் வைத்திருக்கிறார்கள். இந்த வகை ரெகுலேட்டர் கார்புரேட்டர் பம்புகளுக்காக உருவானது. 3 பாரை அதன் தலையில் கட்டினால் பாவம் அது என்ன செய்யும்?

[அனிமேஷன்: ஃபுளோட் சேம்பரின் குறுக்குவெட்டு.]

வீட்டு மாடித் தொட்டியில் மிதவை வால்வு பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஏற ஏறப் பந்து மேலே போய் வழியை அடைக்கும். கார்புரேட்டரிலும் அதேதான். ஃபுளோட் மிதந்து ஒரு ஊசியை மேலே தள்ளும், ஊசி ஓட்டையை மூடும். அந்த ஊசியைக் கீழே தள்ளப் பார்ப்பது பம்பின் அழுத்தம். அழுத்தம் இரட்டிப்பானால் தள்ளும் விசையும் இரட்டிப்பு. ஆனால் ஃபுளோட்டின் மிதக்கும் சக்தி கூடாது. ஊசி தோற்கும், பெட்ரோல் மட்டம் ஏறும், கடைசியில் வழியும்.

ஹைவேயில் ஏன் தெரியவில்லை? அங்கே வருகிற பெட்ரோலை இன்ஜின் குடித்துவிடுகிறது. ஐடிலில், அதாவது வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது, குடிக்க ஆள் இல்லை.

[இன்ஜினின் இடப்பக்கம். கார்புரேட்டரின் அடியில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு.]

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். இந்த இன்ஜினில் பெட்ரோல் உள்ளே போகும் வழியும் புகை வெளியே வரும் வழியும் ஒரே பக்கம்தான். மேலே வழியும் கார்புரேட்டர், கீழே கொதிக்கும் இரும்பு. வாடையைச் சகித்துக்கொண்டு ஓட்டுவது வீரம் இல்லை.

[எஸ்யு பம்பின் குறுக்குவெட்டு அனிமேஷன்.]

சரி, எஸ்யு பம்ப் எப்படி வேலை செய்கிறது? எனக்குப் பிடித்த பகுதி இது. உள்ளே ஒரு டயாஃப்ரம் (வளையும் சவ்வு), ஒரு மின்காந்தம், ஒரு ஸ்பிரிங். மின்காந்தம் டயாஃப்ரத்தை இழுக்கும்போது டேங்கிலிருந்து பெட்ரோல் உள்ளே வரும். இழுத்து முடிந்ததும் பாயிண்ட், அதாவது மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் தொடுமுனை, விலகி மின்சாரம் நிற்கும். அதற்குப் பிறகு பெட்ரோலை வெளியே தள்ளுவது ஸ்பிரிங் மட்டுமே. ஆகவே அழுத்தத்தை நிர்ணயிப்பதும் அந்த ஸ்பிரிங்தான். கார்புரேட்டர் ஊசி மூடிவிட்டால் ஸ்பிரிங்கால் தள்ள முடியாது, பாயிண்ட் மறுபடி சேராது, பம்ப் தானாக நின்றுவிடும். நாம் கேட்ட "டிக்-டிக்" மெதுவாகி அடங்கியது இதனால்தான். கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை, எப்போது நிறுத்த வேண்டும் என்று அதற்குத் தெரியும்.

குறை இல்லாமல் இல்லை. பாயிண்ட் கருகும். நடுவழியில் நின்று, பம்பைச் சுத்தியலால் லேசாகத் தட்டி வண்டியை எழுப்பிய கதை எம்ஜிபி வைத்திருக்கும் எல்லோரிடமும் உண்டு. அந்த எரிச்சலில்தான் கைக்குக் கிடைத்த பம்பை மாட்டுகிறார்கள். பாயிண்ட் இல்லாத எலக்ட்ரானிக் எஸ்யு பம்ப் இப்போது கிடைக்கிறது. நாம் போடப்போவது அது.

[சீட்டுக்குப் பின்னால் மூடி திறக்கப்படுகிறது. இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள்.]

வேலைக்கு முன் பேட்டரியின் எர்த் இணைப்பைக் கழற்றுங்கள். இந்த வண்டியில் நெகட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் நெகட்டிவ் முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். 1967 வரை வந்த எம்ஜிபிகளில் பாசிட்டிவ் எர்த். எலக்ட்ரானிக் பம்ப் வாங்கும்போது இதைப் பார்த்து வாங்காவிட்டால் புதுப் பம்ப் சாவி திருப்பிய உடனே போய்விடலாம்.

வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் சர்வீஸ் பிட் வேண்டாம். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். வண்டியை ஜாக்கில் மட்டும் நிறுத்தாமல் ஸ்டாண்டில் நிறுத்துங்கள்.

[பழைய பம்ப் கழற்றப்படுகிறது. ரப்பர் ஹோஸ் அருகில் காட்டப்படுகிறது.]

ஹோஸைப் பாருங்கள், வெடித்திருக்கிறது. பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் இருக்கலாம். பழைய ரப்பருக்கு அது ஆகாது. மேலே எத்தனாலைத் தாங்கும் தரக்குறியான எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் வாங்கிப் போடுங்கள்.

[புதுப் பம்ப் பொருத்தப்படுகிறது.]

புதுப் பம்பைப் பழைய இடத்திலேயே, ரப்பர் சுற்றிய கிளாம்பில் மாட்டுகிறோம். ரப்பர் இருப்பதால் பம்பின் உடலுக்கு வண்டியோடு மின்தொடர்பு கிடையாது. கறுப்பு எர்த் வயரை மறந்தால் பம்ப் ஓடாது. வெள்ளை வயர் சாவியிலிருந்து வருவது. அதில் ஃபியூஸ் இல்லாததால் நாங்கள் ஒன்று சேர்த்திருக்கிறோம். மோதலில் மின்சாரத்தைத் துண்டிக்கும் இனர்ஷியா சுவிட்சும் வைத்தால் நல்லது. அப்புறம் அந்த ரெகுலேட்டரைக் கழற்றிப் போட்டுவிடலாம், இனி அதற்கு வேலை இல்லை.

[கார்புரேட்டர் அருகில் டி இணைப்பில் பிரஷர் கேஜ்.]

பழைய பம்பில் இந்த கேஜ் 6 பிஎஸ்ஐ காட்டி, பின்பு மெல்ல மெல்ல ஏறியது. இப்போது சாவியைத் திருப்புகிறேன்.

["டிக்-டிக்-டிக்... டிக்... டிக்." நிற்கிறது. முள் 3-க்குச் சற்றுக் கீழே.]

ஐந்து நிமிடம் காத்திருந்து ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பார்த்தோம். ஈரம் இல்லை.

ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை!

[கார்புரேட்டருக்கு அடியில், ஜெட் நட்டு.]

வழிந்த பெட்ரோலைச் சரிக்கட்ட யாரோ ஜெட் நட்டை, அதாவது பெட்ரோல் வரும் ஜெட்டின் உயரத்தை மாற்றும் நட்டை, முழுக்க மேலே திருகி வைத்திருந்தார்கள். அழுத்தம் சரியானதும் கலவையில் பெட்ரோல் போதவில்லை. இரண்டு கார்புரேட்டரிலும் ஜெட்டை மேல் மட்டத்திலிருந்து இரண்டு முழுச் சுற்று, அதாவது ஆறு பட்டை நட்டில் 12 பட்டை, கீழே இறக்கினோம். அதிக அழுத்தத்தில் தேய்ந்த ஊசி வால்வுகளையும் மாற்றிவிட்டோம்.

[சாவி. பம்ப் ஒலி அடங்குகிறது. இன்ஜின் ஸ்டார்ட் ஆகி, ஐடிலில் ஓடுகிறது. ஓவர்ஃப்ளோ குழாய்க்கு அடியில் விரித்த வெள்ளைத் தாள், கறையில்லாமல்.]