வெயிலில் மங்கும் பார்வை

நேயர்களுக்கு வணக்கம்.

மண்டபம், பாம்பன் பக்கம் பாசி எடுக்கக் கடலில் இறங்கும் இளம்பெண் ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் கரையேறும்போது கண் மங்குகிறது, கால் தள்ளாடுகிறது. நிழலில் படுத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டால் தெளிந்துவிடுகிறது. “காலையில நல்லாத்தானே இருந்தா, வேலைக்குப் பயந்து நடிக்கிறா” என்கிறார்கள் வீட்டில். செய்வினை என்று தாயத்துக் கட்டுகிறவர்களும் உண்டு. அவள் நடிக்கவில்லை என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்றொரு நோய். மூளை, பார்வை நரம்பு, தண்டுவடம் இவற்றிலுள்ள நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற கொழுப்பு உறையை நம் நோய் எதிர்ப்பு அணுக்களே தாக்கி அரிக்கின்றன. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும், பெண்களுக்கே அதிகம். நம் பகுதியில் அரிது, அதனாலேயே சந்தேகம் தாமதமாக எழுகிறது. உறையிழந்த இழை சூட்டைத் தாங்காது. உடல் வெப்பம் அரை டிகிரி கூடினாலே சில இழைகளில் ஓடும் நரம்புச் செய்தி நின்றுபோகும். உடல் குளிர்ந்தால் திரும்பும். உடலை வருத்தினால் இந்த நோயாளிகளின் பார்வை சற்று நேரம் மங்குவதை வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890-லேயே எழுதிவைத்தார்; சூடுதான் காரணம் என்பது பின்னால் தெரிந்தது.

வெயில் இல்லாத நாளிலும் தளர்ச்சி வருமே, ஏன்? அதற்கு ஒரு காரணம் நைட்ரிக் ஆக்சைடு. நம் உடலே ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலத்திலிருந்து செய்துகொள்ளும் வாயு அது. இரத்தக் குழாயைத் தளர்த்தும் நல்ல வேலையைச் செய்கிறது. அதைக் கண்டறிந்த மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கிறோமே, அந்த மாத்திரை பலிப்பதும் இதன் வழியாகத்தான்.

இதே வாயுவை, நோய் தாக்கிய இடத்தில் குவியும் அணுக்கள் அளவுக்கு மீறிச் சுரக்கின்றன. ஆய்வகத்தில் நரம்பிழைமேல் இதைப் படவிட்டால் செய்தி நிற்கிறது, விலக்கினால் மீள்கிறது. உறையிழந்த இழைகள்தாம் முதலில் அடங்கிப்போகின்றன. வந்து போகும் தளர்ச்சியில் ஒரு பங்கு இதுவாக இருக்கலாம். ஆனால் இந்த நிலை நீடித்தால் ஆபத்து. உயிரணுவுக்குள் ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாவை இந்த வாயு முடக்குகிறது. ஆற்றலில்லாத இழைக்குள் சோடியம் சேர்ந்து, பின்னாலேயே கால்சியம் புகுந்து, இழையே அழிகிறது. அது திரும்பாத இழப்பு.

அப்படியானால் வாயுவைத் தடுத்துவிடலாமே? அந்த இடத்தில் இதை உண்டாக்கும் நொதி இல்லாத எலிகளில், இதைப் போன்ற நோயை வரவழைத்துச் சோதித்தார்கள். நோய் முற்றத்தான் செய்தது. தாக்க வரும் அணுக்களை அடக்குவதும் இதே வாயுதான். இந்த ஆராய்ச்சியில் என்னை மிகவும் யோசிக்கவைப்பது இந்த முடிவுதான். ஆகவே நைட்ரிக் ஆக்சைடைக் கூட்டுகிறோம், குறைக்கிறோம் என்று பொடி விற்பவர்களிடம் இந்த நோய்க்காகக் காசைக் கொடுக்காதீர்கள்.

ஒரு கண் வலியோடு மங்கினாலோ, கை கால் மரத்து ஒரு நாளைக்குமேல் நீடித்தாலோ, தானாகச் சரியாகிவிட்டாலும்கூட ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள்; தேவையானால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குப் போகலாம். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பார்கள். தாக்குதல்களைக் குறைக்கும் மருந்துகள் இன்று இருக்கின்றன, இழைகள் அழியுமுன் தொடங்கினால்தான் அவற்றால் முழுப்பலன். போகும்போது எப்போது மங்கியது, எவ்வளவு நேரம் இருந்தது, வெயிலில் போனபோதா என்பதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். வணக்கம்.