இதயத் தமனியில் ஒரு புடைப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

"இது வெடித்துவிடுமா, டாக்டர்?" எக்கோ (இதயத்தை ஒலியலையால் படம்பிடிக்கும் ஸ்கேன்) திரையில் பிள்ளையின் இதயத் தமனி புடைத்திருப்பதைக் காட்டினால் பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான்.

வெடிப்பது அபூர்வம். நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. இதயத் தசைக்கு ரத்தம் தரும் கரோனரி தமனி, பக்கத்திலுள்ள இயல்பான பகுதியைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் விரிந்தால் அதை அன்யூரிசம் என்கிறோம். வாய்க்கால் நீர் குட்டையில் விழுந்ததும் வேகம் தணிவதுபோல, ரத்தம் அங்கே தேங்கிச் சுழலும், தேங்கினால் உறையும். அந்த உறைகட்டி அங்கேயே அடைக்கலாம், துணுக்காகப் பிய்ந்து அடுத்த சிறு குழாயையும் அடைக்கலாம். இரண்டும் மாரடைப்புதான்.

பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் கொழுப்புப் படிவால் வருகிறது. ஆஞ்சியோகிராம் ரத்தம் ஓடும் பாதையை மட்டுமே காட்டும். புடைப்பின் உட்புறம் உறைகட்டி அப்பியிருந்தால் குழாய் சாதாரணமாகத் தெரிந்துவிடும். ஆகவே சி.டி. ஸ்கேனும் தேவைப்படலாம். உறைவுத் தடுப்பு மருந்தா, ஸ்டென்டா, பைபாஸா என்பதைப் புடைப்பின் இடமும் அளவும் தீர்மானிக்கும்.

குழந்தைகளுக்கு முக்கியக் காரணம், ரத்தக் குழாய்களின் சுவரில் அழற்சி உண்டாக்கும் கவாசாகி நோய். ஜப்பானிய மருத்துவர் டோமிசாகு கவாசாகி 1967இல் 50 குழந்தைகளைக் கவனித்து எழுதிய நோய் இது. ஐந்து நாளாகியும் இறங்காத காய்ச்சல், பீளை தள்ளாமல் சிவந்த கண்கள், வெடித்த உதடு, உடம்பில் தடிப்பு, வீங்கிய கைகால், கழுத்தில் நெறிக்கட்டு. எல்லாம் ஒரே நாளில் தெரியாது. உதடு வெடிக்கும்போது கண் தெளிந்திருக்கலாம். மறைந்த அறிகுறியையும் தேதியோடு சொல்லுங்கள். விரல் நுனியில் தோல் உரிந்த பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அதற்குள் பெரும்பாலும் சிகிச்சைக்கான பொன்னான நாட்கள் போய்விட்டிருக்கும். காய்ச்சல் தொடங்கிய 10 நாட்களுக்குள் இம்யூனோகுளோபுலின் (பிறர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம்) ஏற்றினால், நான்கில் ஒரு குழந்தைக்கு வரக்கூடிய புடைப்பு ஏறத்தாழ 25இல் ஒன்றாகக் குறைகிறது. நாள் கடந்தாலும் காய்ச்சல் நீடித்தால் உடனே வாருங்கள்.

புடைப்பு 8 மில்லிமீட்டரை எட்டிவிட்டால் ஆஸ்பிரினோடு வார்ஃபரின் என்ற உறைவுத் தடுப்பு மருந்தும் வழக்கமாகச் சேரும். அதன் அளவு சரியா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை தவறக் கூடாது. ஆஸ்பிரின் சாப்பிடும் பிள்ளைக்கு ஃப்ளூவோ அம்மையோ கண்டால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கைக்குழந்தைக்கு நெஞ்சுவலி என்று சொல்லத் தெரியாது. முகம் வெளிறும், வாந்தி எடுக்கும், தேற்றினாலும் அழுகை ஓயாது. அவசரப் பிரிவின் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்: "இது கவாசாகி வந்த பிள்ளை, தமனியில் புடைப்பு இருக்கிறது, முதலில் ஈ.சி.ஜி. எடுங்கள்."