பத்து வயதில் கைக்கு எட்டாதது

வணக்கம் நேயர்களே. பழைய காமிக்ஸ், பழைய வீடியோ கேம் சேர்ப்பவர்களைப் பற்றிக் கதைக்க வந்திருக்கிறேன். "அந்தக் குப்பைக்கெல்லாம் யார் காசு கொடுக்கிறது?" என்று கேட்பவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. அவர்களுக்காக முதலில் இரண்டு விலைகள். 1938இல் அமெரிக்காவில் பத்து சதத்துக்கு விற்ற 'அக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ், அதாவது சூப்பர்மேன் முதன்முதலில் தலைகாட்டிய இதழ், 2024இல் 60 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. 1996இல் வந்த 'சூப்பர் மரியோ 64' கேமின் பிரிக்காத பெட்டி ஒன்று 2021இல் 15 இலட்சத்து 60 ஆயிரம் டொலருக்குப் போனது.

முதல் விலைக்குக் காரணம் தேடி அலையவேண்டியதில்லை. சிறுவர்கள் நாலாக மடித்துக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்த மலிவுக் கடதாசி அது. படித்து முடித்ததும் எறிந்தார்கள். பிறகு இரண்டாம் உலகப்போர் வந்து, பழைய கடதாசி சேகரித்துக் கொடுங்கள் என்று ஊரூராக இயக்கமே நடந்தது. மிஞ்சியது சொற்பம். ஆனால் மரியோ அப்படியில்லை. உலகம் முழுக்க ஒரு கோடிக்கு மேல் விற்ற கேம் அது. விளையாடத்தான் வேண்டுமென்றால் இன்றைக்கும் சுலபமாகக் கிடைக்கும். அப்படியானால் அந்த டொலர்கள் எதற்கு? உடையாத பிளாஸ்டிக் உறைக்கு. காமிக்ஸுக்கு 2000இலும் கேமுக்கு அதற்குப் பிறகும் தனித்தனி நிறுவனங்கள் தோன்றின. பொருளைப் பரிசோதித்து, பத்துக்கு இத்தனை என்று புள்ளி போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்துக் கொடுப்பதுதான் அவர்களுடைய தொழில். கூட்டுக்குள் போன புத்தகத்தை வாசிக்க முடியாது, போன கேமை விளையாட முடியாது.

2021இல் அந்தச் சந்தை சூடேறியதற்குக் கொரோனாவில் வீட்டோடு அடைபட்ட பணம் ஒரு காரணம். இன்னொன்று வயது. 1996இல் பத்து வயதாக இருந்தவர் 2021இல் முப்பத்தைந்து. கையில் சொந்தச் சம்பளம், அம்மாவிடம் கேட்கத் தேவையில்லை. பத்து வயதில் கடைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்ததை இப்போது வாங்குகிறார். சேகரிப்புச் சந்தையில் பெரும்பாலும் இந்தக் கணக்குத்தான் ஓடுகிறது. பிறகு அந்தச் சூடு தணிந்து பிரிக்காத கேம்களின் விலை இறங்கியது, அது வேறு கதை. பெறுமதி ஏறும் என்று எண்ணியே வாங்கி வைப்பதும் பலிப்பதில்லை. 1991இல் வந்த 'எக்ஸ்-மென்' புதிய முதல் இதழ் ஏறத்தாழ 80 இலட்சம் பிரதிகள் விற்றது. ஆளுக்கு நாலைந்து வாங்கிப் பெட்டியில் பூட்டினார்கள். எல்லாரும் பத்திரமாக வைத்திருந்தால் எப்படி விலை வரும்?

சரி, இது அங்கத்தைய கதை. கொழும்புக்கு வருவோம். இந்தக் கணக்கை நம்மவர்களிடம் போட்டுப் பார்த்தால் விடை வேறு மாதிரி வருகிறது. நமக்குத் தலைமுறை என்பது பிறந்த ஆண்டு மட்டுமல்ல, எந்த ஊரில் இருந்தீர்கள், அங்கே எது வந்தது, எது தடுக்கப்பட்டது என்பதும் சேர்ந்தது.

சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவி என்ற நாயகனின் கதையோடு தொடங்கியது. அந்த ஆண்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் இறக்குமதிக்குக் கடிவாளம் போட்டிருந்த காலம் அது, இந்திய வணிக இதழ்களுக்கும் சேர்த்துத்தான். 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரம் வந்த பின்புதான் கடைகளில் தாராளம். ஆகவே முத்துவின் ஆரம்ப இதழ்கள் இங்கே, இராமேஸ்வரம் கப்பலில் வந்து போனவர்களின் பைக்குள் ஒன்றிரண்டாக வந்தவைதான். ஒரு தெருவுக்கே ஒரு பிரதி. அதை வாசித்தவர்களுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. அவர்களிடம் பேசிப் பாருங்கள், "அந்தப் புத்தகம் என்னிடம் இருந்தது" என்று சொல்வதைவிட "அது இன்னாரிடம் இருந்தது, ஒரு இரவுக்குத் தந்தார்" என்று சொல்வார்கள். இருந்தவற்றிலும் எத்தனையோ 1983 ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தையிலும் மற்ற இடங்களிலும் வீடுகளோடு எரிந்துபோயின. அமெரிக்காவில் காமிக்ஸ் அருமையானதற்குக் காரணம் எறிந்தது. எங்கள் ஆட்கள் எறியவில்லை.

அடுத்தவர்கள் 80களில் பத்து வயதானவர்கள். 1984இல் லயன் காமிக்ஸ், அதே ஆண்டில் ராணி காமிக்ஸ். இவர்கள் கொடுத்துவைத்தவர்கள், காசு கொடுத்து வாங்கினார்கள். நானும் இந்தக் கூட்டத்தில்தான் சேர்த்தி.

அதன்பிறகு ஒரே வயதுக்காரர் இரண்டாகப் பிரிகிறார்கள். 90களில் கொழும்பில் வளர்ந்த பிள்ளைக்குப் புறக்கோட்டையிலிருந்து ரீவி கேம் வந்தது. அசல் நிண்டெண்டோ அல்ல, அதைப் பார்த்துச் செய்த நகல். '9999 கேம்' என்று போட்ட மஞ்சள் கசெட்டைச் செருகினால் உள்ளே பத்துப் பதினைந்து கேம்தான், மிச்சமெல்லாம் அதே கேம் வேறு வேறு இலக்கத்தில். அதே வயதுப் பிள்ளை யாழ்ப்பாணத்தில் இருந்திருந்தால்? போரால் 1990இலிருந்து அங்கே பல ஆண்டுகள் மின்சாரமே இல்லை. பட்டரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதித்து, டைனமோவில் வானொலி கேட்டார்கள். அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது கிழிந்த ராணி காமிக்ஸ்தான், அதுவும் குப்பி விளக்கில். இரும்புக்கை மாயாவிக்கு உருவம் மறைய உடம்பில் மின்சாரம் பாயவேண்டும் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். 90களின் யாழ்ப்பாணத்தில் மனுசனுக்கு வேலையே இருந்திருக்காது.

இன்று இருவருமே கொழும்பில், ஒரே அலுவலகத்தில்கூட இருக்கலாம். ஒருவர் மஞ்சள் கசெட் தேடுகிறார், மற்றவர் ராணி காமிக்ஸ் தேடுகிறார். வெளிநாட்டுச் சந்தையில் அந்த மஞ்சள் கசெட்டுக்குப் பெறுமதியே கிடையாது, கள்ளப் பிரதி என்று தள்ளிவிடுவார்கள். அசல் ஜப்பான் கசெட்டை இவரிடம் நீட்டிப் பாருங்கள், கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார். அவர் சிறுவயதில் விளையாடியது அதிலல்லவே.

பொருளின் நிலையைப் பார்ப்பதிலும் தலைமுறைக்குத் தலைமுறை வித்தியாசம் உண்டு. மூத்தவர்கள் காமிக்ஸை பைண்ட் பண்ணி வைத்தார்கள். ஆறேழு இதழ்களை அடுக்கி, ஊசியால் தைத்து, முதுகுக்குக் கலிக்கோத் துணி ஒட்டி, மூன்று பக்கமும் விளிம்பைச் சீராக வெட்டுவார்கள். முன்னட்டை பல சமயம் கழன்று போய்விடும். புள்ளி போடும் நிறுவனத்துக்காரர் இதைக் கண்டால் மயங்கி விழுவார். விளிம்பு வெட்டிய பிரதிக்குச் சந்தையில் மதிப்பு அதலபாதாளம். ஆனால் இங்கே கைக்குக் கைமாறி இன்னும் உயிரோடு இருக்கும் இதழ்களில் பெரும்பகுதி அந்தக் கட்டுகளுக்குள் இருந்தவைதான். தனியாக விட்ட இதழ்கள் கடலைச் சுருளாகக் காலிமுகத்திடலுக்குப் போயிருக்கும். முதல் பக்கத்தில் பெயர் எழுதியிருப்பதையும் இளையவர்கள் குறையாகப் பார்க்கிறார்கள். எனக்கு வெறும் தாளைவிட "இப்புத்தகத்தைத் திருப்பித் தராதவன்..." என்று மிரட்டி எழுதிய பக்கம்தான் பிடிக்கும்.

நடுத்தலைமுறைக்கு விளையாடவேண்டும். அதில் ஒரு சிக்கல். துப்பாக்கியால் வாத்துச் சுடும் 'டக் ஹன்ட்' ஞாபகம் இருக்கிறதா? விசையை அழுத்தியதும் கண்ணிமைக்கும் நேரத்துக்குத் திரை கறுப்பாகி, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகத் தெரியும். துப்பாக்கி முனையில் உள்ள உணரி அந்த வெளிச்சத்தைப் பிடித்தால் வாத்து செத்தது. புதிய தட்டை ரீவி படத்தைக் காட்டக் கொஞ்சம் பிந்துவதால் இது வேலை செய்யாது. அதனால் இவர்கள் பின்பக்கம் புடைத்த பழைய ரீவியையும் தேடுகிறார்கள். இரும்புக்காரனிடம் சும்மா கொடுத்த ரீவியை அவனிடமே காசு கொடுத்து வாங்கும் காட்சியை நான் பார்த்திருக்கிறேன்.

2000க்குப் பிறகு பிறந்தவர்களை என் வயதுக்காரர்கள் 'பெட்டி சேர்ப்பவர்கள்' என்று கிண்டல் செய்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தான் பிறக்குமுன் வந்த கேமை, எந்தப் பிள்ளைப் பருவ ஏக்கமும் இல்லாமல், வரைகலைக்காகவும் இசைக்காகவும் தேடும் பையன்தான் அதைப் பொருளாகச் சரியாகப் பார்க்கிறான். நாங்கள் வாங்குவது பாதி எங்களையே. என் மருமகனிடம் ஓர் இதழைக் கொடுத்தேன். கதையை விட்டுவிட்டு, அச்சில் சிவப்பு ஒரு நூல் விலகி இருப்பதைக் காட்டினான். இத்தனை வருடத்தில் நான் அதைக் கவனித்ததேயில்லை.

2022இல் ரூபா விழுந்த பிறகு நிலைமை இன்னொரு விதமாக மாறியது. இருநூறு ரூபாவாக இருந்த டொலர் முந்நூற்று அறுபதைத் தொட்டது. வெளியிலிருந்து வாங்குவது நின்றது. குடும்பத்தோடு வெளிநாடு போனவர்கள் பெட்டி பெட்டியாக விற்றார்கள், வாங்கியவர்களில் பலர் ஏற்கெனவே ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் போய்விட்ட நம்மவர்கள். கப்பலில் வந்த புத்தகம் விமானத்தில் போகிறது. வருத்தமாக இருந்தாலும், அங்கே வெக்கையும் புழுக்கமும் குறைவு என்பதால் அது இன்னும் சில காலம் தாங்கும் என்பதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அப்புறம், எங்கே போனாலும் என்னிடம் கேட்கப்படும் கேள்வி: "வீட்டில் ஒரு கட்டு கிடக்கிறது, என்ன வரும்?" ராணி காமிக்ஸ் என்றால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், நிறையவே அச்சானது. 70களின் முத்து, அட்டையோடு இருந்தால், யாருக்கும் உடனே கொடுத்துவிடாமல் இரண்டு மூன்று பேரிடம் விசாரியுங்கள். மறுபதிப்பு வந்துவிட்டதே என்று விற்க வருபவரைப் பயமுறுத்துவார்கள், நம்பவேண்டாம். கதை வேண்டியவர்தான் மறுபதிப்போடு திருப்தியடைவார். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள், பத்து வருடத்தில் அது மஞ்சளாகிக் கடதாசியையும் தின்றுவிடும். கடற்கரைப் பக்க வீடென்றால் ஸ்டேப்பிள் கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். கேம் கசெட் வைத்திருப்பவர்கள் வாயால் ஊதுவதை நிறுத்துங்கள். நாங்கள் எல்லாரும் ஊதித்தான் விளையாடினோம், ஆனால் அந்த ஈரம் உள்ளே இருக்கும் செப்பு முனைகளை அரிக்கிறது. பஞ்சில் கொஞ்சம் ஐசோபுரொப்பைல் அற்ககோல் தொட்டுத் துடைத்தால் போதும். கையில் வைத்து விளையாடும் கேமுக்குள் பழைய பட்டரி கிடந்தால் இன்றே கழற்றிவிடுங்கள். நன்றி, வணக்கம்.